ஆண்ட்ரோமெடாவுக்கு அருகே ஒரு வாயு வில்: அமெச்சூர் வானப் படக்கலையில் ஒரு நிகழ்வு ஆய்வு

வடக்கு வானத்தில் ஆண்ட்ரோமெடா கேலக்சி அளவுக்குத் திரும்பத் திரும்பப் படம் எடுக்கப்பட்ட பொருள்கள் மிகச் சிலவே. புதிதாக டெலஸ்கோப் வாங்கியவர் முதலில் நிலாவைப் பார்ப்பார். அதில் கேமரா மாட்டியவர் முதல் சீசனிலேயே எம்31 எனப்படும் ஆண்ட்ரோமெடாவுக்கு வந்துவிடுவார். மலையுச்சி ஆய்வகங்கள், விண்வெளித் தொலைநோக்கிகள், மொட்டைமாடி அமெச்சூர்கள் என எல்லாரும் 130 ஆண்டுகளுக்கு மேலாக எடுத்துக்கொண்டே இருக்கும் இடம் அது. அந்தக் கேலக்சியின் மையத்திலிருந்து 1.2 டிகிரி தென்கிழக்கே, 1.5 டிகிரி நீளத்துக்கு ஒரு வாயு வில் வளைந்து கிடக்கிறது. மூன்று முழுநிலாக்களை ஒட்டி வைத்தால் வரும் நீளம். 2022 வரை அது இருப்பதே யாருக்கும் தெரியாது. கண்டுபிடித்த மூவருமே அமெச்சூர்கள்.

அந்தப் படம் 2023-இல் கிரீனிச் ராயல் ஆய்வகம் நடத்தும் வானப் படப் போட்டியில் ஒட்டுமொத்த முதல் பரிசு வாங்கியது. செய்திகள் பெரும்பாலும் அதோடு நின்றுவிட்டன. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த வில் என்ன, எங்கே இருக்கிறது என்று முதலில் சொல்லப்பட்ட விளக்கம் இரண்டு, மூன்று ஆண்டுகளில் சரிந்தது. கண்டுபிடிப்பு மட்டும் அசையவில்லை. ஏன் அசையவில்லை என்பதைப் புரிந்துகொண்டால், மங்கலான பொருளைத் துரத்தும் எந்த அமெச்சூருக்கும் வேலை செய்யும் முறை கிடைத்துவிடும். அதற்காகத்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

எடுத்தவர்கள், எடுத்த விதம்

யான் சென்ட்டி பிரான்ஸ்காரர். 2022-இன் பின்பாதியில், கிழக்கு பிரான்ஸின் நான்சி நகரை ஒட்டிய இடத்திலிருந்து ஆண்ட்ரோமெடாவைப் பல இரவுகள் எடுத்தார். மொத்த எக்ஸ்போஷர் சுமார் 110 மணி நேரம். அவரிடம் இருந்தது 106 மி.மீ. விட்டமுள்ள டக்காஹாஷி எஃப்எஸ்க்யூ லென்ஸ் டெலஸ்கோப், ஸ்கைவாட்சர் ஈக்யூ6-ஆர் மவுண்ட், ஜெட்டபிள்யூஓ ஏஎஸ்ஐ2600 மோனோ (கறுப்பு-வெள்ளை) கேமரா. குவிய நீளத்தைக் குறைக்கும் ரெட்யூசர் லென்ஸ் போட்டு 382 மி.மீ., எஃப்/3.6. டெலஸ்கோப் விலை கூடியதுதான். மற்றபடி இந்த மவுண்டும் கேமராவும் நம் ஊர் குழுக்களிலும் புழங்குகிறவை. ஆய்வகக் கருவி என்று எதுவும் இல்லை.

புதுமை கருவியில் இல்லை, ஃபில்டர் தேர்வில் இருந்தது. ஆண்ட்ரோமெடாவை எடுப்பவர்கள் வழக்கமாக சிவப்பு, பச்சை, நீலம், நிறம் பிரிக்காத முழு ஒளியான லூமினன்ஸ் எடுப்பார்கள். கொஞ்சம் மெனக்கெடுபவர்கள் கேலக்சியின் கைகளில் சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும் ஹைட்ரஜன் மேகங்களுக்காக, ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியை மட்டும் விடும் ஹெச்-ஆல்ஃபா ஃபில்டரைச் சேர்ப்பார்கள். ஓ-3 ஃபில்டரை அங்கே போடுவது அரிது. இரண்டு எலெக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன் 500.7 நானோமீட்டரில் விடும் ஒளியை மட்டும் உள்ளே விடுவது ஓ-3 ஃபில்டர். முதிர்ந்த விண்மீன் உதிர்த்த வாயுக் கூடான கோள்வடிவ நெபுலாக்களுக்கும், வெடித்த விண்மீனின் மிச்சமான சூப்பர்நோவா எச்சங்களுக்கும் அதைப் போடுவோம். ஒரு முழு கேலக்சிக்கு எதற்கு என்றுதான் எல்லாரும் நினைத்தோம். சென்ட்டி போட்டார்.

(இந்தப் பச்சைக் கோட்டுக்கே ஓர் அமெச்சூர் பூர்வீகம் உண்டு. 1864-இல் லண்டனில் சொந்த வீட்டுத் தோட்டத்து ஆய்வகத்திலிருந்து வில்லியம் ஹக்கின்ஸ் டிராகோ விண்மீன் குழுவின் பூனைக்கண் நெபுலாவை நிறமாலைக் கருவியில் பார்த்தபோது கண்ணில் பட்ட கோடு இது. பூமியில் இல்லாத ஏதோ தனிமத்தின் கோடு என்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் கருதப்பட்டது. 1927-இல் ஐரா போவன்தான் அது மிக அடர்த்தி குறைந்த சூழலில் உள்ள ஆக்சிஜன் என்று காட்டினார்.)

மற்ற இருவர் ஜெர்மனியின் மார்செல் ட்ரெக்ஸ்லரும் பிரான்ஸின் சேவியே ஸ்ட்ரோட்னெரும். இவர்கள் வானக் கணக்கெடுப்புப் படங்களைச் சல்லடையாகச் சலித்து, பட்டியலில் ஏறாத கோள்வடிவ நெபுலாக்களைத் தேடிப் பிடிப்பவர்கள். இருவர் பெயரையும் சுருக்கிச் சேர்த்த குறியீட்டோடு நிறைய நெபுலாக்கள் இன்று பட்டியலில் உள்ளன. மங்கலான ஓ-3 கசிவு எப்படி இருக்கும், ஃபில்டர் பிரதிபலிப்பு எப்படி இருக்கும் என்பதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்கள். சென்ட்டியின் ஓ-3 தரவில் விண்மீன்களை நீக்கிவிட்டுப் பார்த்தபோது, கேலக்சிக்கு வெளியே அந்தப் புகைக்கீற்று தெரிந்தது.

முக்கால் மணி நேரத்துக்கு ஒரு ஃபோட்டான்

இது எவ்வளவு மங்கல் என்பதைப் பெயரடைகளால் சொல்ல முடியாது. கணக்காகப் பார்த்தால்தான் உறைக்கும். கண்டுபிடிப்பை அறிவித்த ஆய்வுக் குறிப்பு வில்லின் மேற்பரப்புப் பொலிவைத் தருகிறது. அதில் பாதியளவுக்கு முன்பின் நிச்சயமின்மை உண்டு, எனவே கீழே வருவது உத்தேசக் கணக்கு.

அந்தப் பொலிவை ஓ-3 ஃபோட்டான்களாக மாற்றினால், ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில், வானத்தின் ஒரு சதுர ஆர்க்செகண்டிலிருந்து (ஆர்க்செகண்ட் என்பது டிகிரியில் 3,600-இல் ஒரு பங்கு), பத்து லட்சம் நொடிக்கு ஒரு ஃபோட்டான் வருகிறது. பத்து லட்சம் நொடி என்பது பதினொன்றரை நாள். 106 மி.மீ. லென்ஸின் பரப்பு சுமார் 88 சதுர சென்டிமீட்டர். 3.76 மைக்ரான் பிக்சல், 382 மி.மீ. குவிய நீளத்தில் 2 ஆர்க்செகண்ட் பக்கமுள்ள சதுரத்தைப் பார்க்கிறது. எல்லாம் பெருக்கினால் ஒரு பிக்சலுக்கு ஏறக்குறைய 45 நிமிடத்துக்கு ஒரு ஃபோட்டான். கண்ணாடி, ஃபில்டர், சென்சார் இழப்புகளைக் கழித்தால் ஒரு மணி நேரத்துக்கும் மேல். பத்து நிமிட சப் (பிறகு அடுக்கிச் சேர்க்கும் தனிப் படம்) ஒன்றில் பெரும்பாலான பிக்சல்களில் அந்த வில்லிலிருந்து ஒன்றுமே விழுந்திருக்காது.

இதோடு வானப் பின்னொளியைச் சேர்க்க வேண்டும். நிலா இல்லாத நல்ல கிராமப்புற வானத்தில், 3 நானோமீட்டர் ஃபில்டர் வழியாகப் பார்த்தாலும் பின்னொளி இந்த வில்லைவிடச் சுமார் நூறு மடங்கு பிரகாசம். ஓ-3-இல் மட்டும் 24 மணி நேரம் சேர்த்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிக்சலில் வில்லிலிருந்து 20 எலெக்ட்ரான், வானத்திலிருந்து 2000 எலெக்ட்ரான். அந்த 2000-இன் இயல்பான ஏற்ற இறக்கமே ஏறக்குறைய 45. ஆக, தனிப் பிக்சலில் வில் தெரியவே தெரியாது. இரைச்சல் அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

பிறகு எப்படித் தெரிந்தது? அதன் நீளத்தால். 1.5 டிகிரி என்பது அந்தக் கேமராவில் 2,600 பிக்சலுக்கு மேல் ஓடுகிறது. பத்துக்குப் பத்தாக நூறு பிக்சலைச் சராசரி எடுத்தால் சமிக்ஞை இரைச்சலைப் போல நான்கு மடங்குக்கு மேல் எழுகிறது. படத்தைச் சுருக்கி, விண்மீன்களைக் கழித்து, தள்ளி நின்று பார்த்தால் கண் தானாகவே அந்தச் சராசரியை எடுக்கிறது. கூர்மைக்காக உள்ளே உள்ளே ஜூம் செய்பவருக்கு இது அகப்படாது. பெரிய தொழில்முறைத் தொலைநோக்கிகளுக்குத் தப்பியதற்கும் ஒரு காரணம் இங்கே இருக்கிறது: அவற்றில் பெரும்பாலானவற்றின் பார்வைப் பரப்பு குறுகலானது, வில்லின் ஒரு துண்டு மட்டும் உள்ளே விழும், முழுச் சட்டகமும் ஒரே மாதிரி லேசாக ஒளிர்ந்தால் பின்னொளியைக் கழிக்கும்போது அதுவும் சேர்ந்து கழிந்துபோகும். சென்ட்டியின் சட்டகம் 3.5 டிகிரி அகலம். வில்லும் உள்ளே இருந்தது, வில் இல்லாத வானமும் உள்ளே இருந்தது. சிறிய டெலஸ்கோப்பின் உண்மையான பலம் இது.

மெய்தானா என்று பார்த்த விதம்

மேலே சொன்ன நூறு மடங்கைக் கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். பின்னொளி நூறு மடங்கு என்றால், கருவியின் ஒளிச் சீரின்மையைச் சரிசெய்ய எடுக்கும் பிளாட் ஃபிரேமில் ஒரே ஒரு சதவீதம் பிழை வந்தால் போதும், இந்த வில்லுக்குச் சமமான பொய்யான வில் ஒன்று உருவாகிவிடும். பிளாட்டில் ஒரு சதவீதம் பிழை நம் எல்லார் தரவிலும் வருவதுதான். ஓ-3 ஃபில்டர்கள் பிரகாசமான விண்மீன்களைச் சுற்றி ஒளிவட்டம் போடுவதும் தெரிந்ததே. எம்31-க்கு மிக அருகில் வெறுங்கண்ணுக்குத் தெரியும் நியூ ஆண்ட்ரோமெடா என்ற விண்மீன் வேறு இருக்கிறது. ஃபில்டருக்கும் சென்சார் கண்ணாடிக்கும் நடுவே துள்ளும் ஒளி அழகான வளைவாக விழக்கூடியது. முதல் சந்தேகம் இவற்றின் மீதுதான் போக வேண்டும், போனது.

ஒரே கருவிக்குள் செய்யக்கூடிய சோதனைகள் சில உண்டு. மெரிடியன் ஃபிளிப்புக்கு (பொருள் உச்சியைக் கடக்கும்போது மவுண்ட் டெலஸ்கோப்பைத் திருப்பிப் போடுவது) முன்னும் பின்னும் எடுத்த சப்களைத் தனித்தனியாக அடுக்கிப் பார்க்கலாம்: சென்சாரில் பிறந்த பொய் விண்மீன்களைச் சார்ந்து 180 டிகிரி சுழலும், வானத்தில் இருப்பது இடம் மாறாது. இரவு இரவாகப் பிரித்துப் பார்க்கலாம். ஹெச்-ஆல்ஃபாவிலும் லூமினன்ஸிலும் அதே இடத்தைப் பார்க்கலாம்: நம் பால்வழித் தூசியின் மங்கலான ஒளிர்வு என்றால் அகலக் கற்றைப் படங்களிலும் நிழலாடியிருக்கும். இந்த வில் ஹெச்-ஆல்ஃபாவில் இல்லை. எக்ஸ் கதிரிலிருந்து ரேடியோ வரை ஏற்கெனவே இருந்த தரவுகளிலும் அதற்குத் துணை கிடைக்கவில்லை. இதைச் சாதகமாகவும் படிக்கலாம், பாதகமாகவும் படிக்கலாம். வேறெங்கும் இல்லாத ஒன்று உன் கேமராவில் மட்டும் ஏன் என்ற கேள்வி நிற்கும்.

அந்தக் கேள்விக்கு உள்ளிருந்து விடை வராது. அவர்கள் வெளியே போனார்கள். வேறு ஆட்களிடம், வேறு டெலஸ்கோப், வேறு ஃபில்டர், வேறு கேமராவோடு அதே இடத்தை எடுக்கச் சொன்னார்கள். அமெரிக்காவின் ப்ரே ஃபால்ஸ், ஷான் வாக்கர், கூடவே கிறிஸ்டோஃப் வெர்ஞ், நிக்கோலா மார்ட்டினோ ஆகியோர் பெயர்கள் ஆய்வுக் குறிப்பின் ஆசிரியர் வரிசையில் இருப்பது இதனால்தான். வெவ்வேறு கருவிகளில் அதே வளைவு, அதே இடத்தில் வந்தது. ஒரு கருவியின் பிரதிபலிப்பு இன்னொரு கருவியில் அதே வடிவில் விழ வழியில்லை. ஆழமான படங்களில் அது ஒற்றைப் பட்டையாக இல்லாமல், இணையாக ஓடும் மெல்லிய இழைகளின் தொகுப்பாகவும் பிரிந்து தெரிந்தது.

இதற்குப் பிறகுதான் 2023 ஜனவரியில் அறிவிப்பு. டார்ட்மத் கல்லூரியின் ராபர்ட் ஃபெசன், ஸ்டெஃபான் கிமெஸ்வெங்கர், மைக்கேல் ஷல் ஆகிய தொழில்முறை வானியலாளர்கள் கூட்டாசிரியர்கள். முதல் மூன்று இடத்தில் ட்ரெக்ஸ்லர், ஸ்ட்ரோட்னெர், சென்ட்டி. பொருளின் பெயரும் அவர்கள் பெயரே: ஸ்ட்ரோட்னெர்-ட்ரெக்ஸ்லர்-சென்ட்டி பொருள் 1. அமெச்சூர் தரவு தந்தார் என்று நன்றியுரையில் ஒரு வரி போட்டு முடிக்காமல், கண்டவர்களை முதல் ஆசிரியர்களாக வைத்ததை நான் மனமாரப் பாராட்டுகிறேன். உழைப்பு யாருடையதோ அவருக்குப் பெயர் போனது.

வில் இடம் மாறியது

இனி விளக்கம். முதல் குறிப்பே எச்சரிக்கையோடுதான் எழுதப்பட்டது. பார்த்த பரப்பில் வேறெங்கும் இது போன்ற ஓ-3 ஒளி இல்லை; ஆண்ட்ரோமெடாவை ஒட்டி மட்டும் இருக்கிறது; எனவே அதன் ஒளிவளையப் பகுதியைச் சேர்ந்ததாக இருக்கலாம் என்றது. அதே ஆண்டு வந்த விரிவான கட்டுரை, ஆண்ட்ரோமெடாவைச் சுற்றிய வாயுவும் நம் பால்வழியைச் சுற்றிய வாயுவும் முட்டும் இடமாக இருக்கக்கூடும் என்று வாதிட்டது. இரண்டு கேலக்சிகளும் ஒன்றையொன்று நோக்கி வருவது தெரிந்ததே. அந்த மோதலின் முதல் ஒளி ஓர் அமெச்சூர் படத்தில் என்றால் யாருக்குத்தான் சிலிர்க்காது? 25 லட்சம் ஒளியாண்டு தூரத்தில் 1.5 டிகிரி என்பது சுமார் 65,000 ஒளியாண்டு நீளம். படங்களின் கீழே அந்த எண்ணைப் போட்டுப் பகிர்ந்தவர்கள் ஏராளம்.

தூரத்தைப் படம் சொல்லாது. படத்தில் எல்லாம் ஒரே தளத்தில் ஒட்டியிருக்கும். அறுநூறு ஒளியாண்டில் இருக்கும் விண்மீனும் லட்சக்கணக்கான ஒளியாண்டில் இருக்கும் மேகமும் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள். தூரத்தை அறிய மங்கலான அந்த இழைகளின் மீது நிறமாலைக் கருவியைத் திருப்பி வேகத்தை அளக்க வேண்டியிருந்தது. ஆண்ட்ரோமெடா நம்மை நோக்கி நொடிக்கு சுமார் 300 கி.மீ. வேகத்தில் வருகிறது. வில் அதைச் சேர்ந்ததென்றால் அதன் ஓ-3 கோடு அந்த அளவுக்கு நீலப்பக்கம் நகர்ந்திருக்க வேண்டும். அளந்தபோது அப்படி இல்லை. வேகம் வெகுவாகக் குறைவு. வில் நம் பால்வழிக்குள்ளேயே, ஆண்ட்ரோமெடாவுக்கு வெகு முன்னால், தற்செயலாக அதே திசையில் இருக்கிறது என்ற பக்கம் தராசு சாய்ந்தது.

பால்வழிக்குள் என்றால் யார் உருவாக்கியது? 2025-இல் பாட்ரிக் ஓகிளும் கூட்டாளிகளும் முன்வைத்த விடை இப்போது வலுவாக நிற்கிறது. எம்31-இன் மையத்திலிருந்து முக்கால் டிகிரிக்குள், தெற்கே சற்றுக் கிழக்காக, ஈஜி ஆண்ட்ரோமெடா என்ற ஏழாம் பருமன் விண்மீன் இருக்கிறது. தூரம் சுமார் 2,000 ஒளியாண்டு. ஒரு செம்பெருமீனும், எரிந்து முடிந்த விண்மீனின் மிச்சமான ஒரு வெள்ளைக் குள்ளனும் 480 நாளுக்குச் சற்று மேலான கால அளவில் சுற்றிக்கொள்ளும் இணை அது. அந்த வெள்ளைக் குள்ளன் தன் வெளிப்போர்வையை உதிர்த்துச் சில லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. சாதாரணக் கோள்வடிவ நெபுலா சில பத்தாயிரம் ஆண்டுகளில் கரைந்து கண்ணுக்கு மறையும். இது அந்த வயதையெல்லாம் எப்போதோ தாண்டிய, பரந்து நீர்த்துப்போன ஆவி நெபுலா. ஈஜி ஆண்ட்ரோமெடா விண்மீனிடை வாயுவைக் கிழித்துக்கொண்டு நொடிக்கு 100 கி.மீ. அளவில் பாய்கிறது. படகின் அணியத்துக்கு முன்னே எழும் அலை மாதிரி, அந்தப் பழைய வாயுவின் முன்விளிம்பு எதிரே உள்ள வாயுவோடு மோதிச் சூடாகி ஒளிர்கிறது. அந்த முன்விளிம்புதான் வில்.

ஹெச்-ஆல்ஃபா இல்லாமல் ஓ-3 மட்டும் தெரிந்த புதிருக்கும் இது பொருந்துகிறது. அதிர்ச்சி அலை தாக்கிய வாயு முதலில் வெகுவாகச் சூடாகும். குளிர்ந்து வரும் வழியில் ஆக்சிஜன் ஓ-3-ஐ விடும். இன்னும் குளிர்ந்த பிறகுதான் ஹைட்ரஜன் மறுபடி எலெக்ட்ரானைப் பிடித்து ஹெச்-ஆல்ஃபாவை ஏராளமாக விடும். மிக நீர்த்த வாயுவில் அந்தக் கடைசிக் கட்டம் வரவே வெகுகாலம் பிடிக்கும். பாதி வழியில் இருக்கும் அதிர்ச்சி அலையைத்தான் படம் பிடித்திருக்கிறார்கள்.

65,000 ஒளியாண்டு நீளம் இப்போது சுமார் 50 ஒளியாண்டாகச் சுருங்கிவிட்டது. ஆயிரம் மடங்குக்கும் மேலான மாற்றம். ஆனால் சென்ட்டியின் சப்களில் ஒரு ஃபோட்டான்கூட மாறவில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிவதுதான் இந்த நிகழ்விலிருந்து எடுக்க வேண்டியது என்று நினைக்கிறேன். ‘இங்கே ஒன்று இருக்கிறது’ என்பது அவர்களின் அறிவிப்பு. அதை நான்கைந்து கருவிகள் தாங்கின. ‘அது இன்னது’ என்பது கருதுகோள். அதை வேக அளவு மாற்றியது. முதலாவதை இவ்வளவு கறாராகச் செய்திராவிட்டால், ஆண்ட்ரோமெடா விளக்கம் விழுந்த அன்றே ‘அட, அது ஃபில்டர் பிரதிபலிப்பாகத்தான் இருக்கும்’ என்று எல்லாமே சேர்ந்து விழுந்திருக்கும்.

இதில் எனக்கு ஆறாத வியப்பு ஒன்று உண்டு. அந்த விண்மீன் ஏழாம் பருமன். பைனாகுலரில் தெரியும். ஆண்ட்ரோமெடாவை அகலமாக எடுத்த எவர் படத்திலும் அது இருக்கிறது. என் படத்தில், உங்கள் படத்தில், எல்லார் படத்திலும். அதை முன்புல விண்மீன் என்று நாம் ஸ்டார் ரிமூவல் மென்பொருளில் துடைத்து எறிந்துகொண்டே இருந்தோம்.

1888-இலும் இதுதான் நடந்தது

ஆண்ட்ரோமெடா விஷயத்தில் இது முதல் முறை அல்ல. ஐசக் ராபர்ட்ஸ் வேல்ஸில் பிறந்து லிவர்பூலில் கட்டட ஒப்பந்தத் தொழில் செய்தவர். வானியல் அவருக்குச் சொந்தச் செலவில் செய்த ஆசை. லிவர்பூலுக்கு அருகே மாகல் என்ற ஊரில் 20 அங்குல பிரதிபலிப்புத் தொலைநோக்கியை நிறுவி, 1888-இல் மணிக்கணக்கான எக்ஸ்போஷரில் ஆண்ட்ரோமெடாவை எடுத்தார். டெலஸ்கோப்பில் கண் வைத்துப் பார்த்தவர்களுக்கு அதுவரை நீள்வட்டப் புகையாகத் தெரிந்த பொருள், அவருடைய புகைப்படக் கண்ணாடித் தட்டில் சுருள் கைகளோடு வந்தது. இன்று பள்ளிப் புத்தகத்தில் பார்க்கும் ஆண்ட்ரோமெடாவின் உருவம் முதலில் பதிந்தது ஓர் அமெச்சூரின் தட்டில்.

அவர் அதற்குச் சொன்ன விளக்கம்: வாயு மேகம் ஒன்று சுழன்று சுருங்கி, புதிய சூரியக் குடும்பம் உருவாகிறது, பக்கத்தில் தெரியும் சிறு கேலக்சிகள் கோள்களாகப் போகிறவை. அன்றைக்கு மதிக்கப்பட்ட நெபுலாக் கொள்கையின்படி அது நியாயமான வாசிப்பு. 1923 அக்டோபரில் மவுண்ட் வில்சனின் 100 அங்குலத் தொலைநோக்கியில் எட்வின் ஹபிள் அதே ஆண்ட்ரோமெடாவில், தூரத்தை அளக்க உதவும் செஃபீட் வகை மாறுவிண்மீனைக் கண்டபோதுதான், அது நம் பால்வழிக்கு வெகு வெளியே உள்ள தனிக் கேலக்சி என்று உறுதியானது. ராபர்ட்ஸ் தூரமான பொருளை அருகில் என்று நினைத்தார். 2023-இல் அருகில் இருப்பதைத் தூரத்தில் என்று நினைத்தார்கள். ராபர்ட்ஸின் தட்டும் இன்றைக்கும் செல்லும்.

நம் ஊரிலிருந்து எடுக்க நினைப்பவருக்கு

இந்த வில்லை இப்போது உலகெங்கும் பல அமெச்சூர்கள் எடுத்துவிட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் முடியும். ஆனால் சீசன் நமக்கு எதிராக நிற்கிறது. ஆண்ட்ரோமெடா முன்னிரவில் உச்சிக்கு வரும் அக்டோபர், நவம்பர், நமக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். மழை ஓய்ந்து வானம் கழுவிவிட்ட மாதிரி தெளியும் ஜனவரி நடுவில், அந்தி முழுக்க மறையும்போதே ஆண்ட்ரோமெடா வடமேற்கில் சரியத் தொடங்கியிருக்கும். 25 டிகிரிக்குக் கீழே போவதற்குள் ஓர் இரவுக்கு இரண்டரை மணி நேரம் கிடைக்கும். நம் அட்சரேகையில் அது உச்சியைக் கடக்கும்போதே அடிவானத்திலிருந்து 60 டிகிரி உயரம்தான். நான்சியில் கிட்டத்தட்ட தலைக்கு மேலே. 24 மணி நேர ஓ-3 சேர்க்க ஜனவரி ஒன்று போதாது. ஒரே கேமரா கோணத்தை வைத்துக்கொண்டு இரண்டு மூன்று ஆண்டுகளாகச் சேர்ப்பதில் தவறில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பக்கத்தில் இருப்பவர்கள் செப்டம்பர் பின்னிரவுகளையும் முயலலாம்.

இடத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். உத்திரட்டாதியின் இரண்டு விண்மீன்களில் வடக்கே இருப்பது ஆல்ஃபா ஆண்ட்ரோமெடா. அங்கிருந்து வடகிழக்காக மிராக் வரை போய், வடமேற்காகத் திரும்பி மியூ, நியூ என்ற இரண்டைத் தாண்டினால் எம்31. கேலக்சியை நடுவில் வைக்காதீர்கள். அதை வடமேற்கு மூலைக்கு நகர்த்தி, தென்கிழக்கில் வெற்று வானத்துக்கு இடம் விடுங்கள். வில்லுக்கு அப்பாலும் குறைந்தது அரை டிகிரி சும்மா இருக்கட்டும். பின்னொளியைக் கழிக்கும் மென்பொருள் அந்தச் சும்மா இடத்தை வைத்துத்தான் கணக்குப் போடும். சாம்பிள் புள்ளிகளைத் தானாக வைக்க விடாமல் கையால் வையுங்கள், இல்லாவிட்டால் வில்லையே கிரேடியன்ட் (பின்னொளியின் ஏற்ற இறக்கம்) என்று எடுத்துத் தின்றுவிடும்.

ஃபில்டர் 3 நானோமீட்டர் என்றால் நல்லது. எஃப்/4-க்குக் கீழே எடுப்பவர்கள் வேகமான ஒளியமைப்புக்கென்று செய்த வகையைத்தான் வாங்க வேண்டும். சாய்ந்து வரும் கதிருக்கு ஃபில்டரின் கற்றை நீலப்பக்கம் நகரும்; 500.7 வெளியே போய்விட்டால் நூறு மணி நேரம் எடுத்தாலும் ஒன்றும் இருக்காது. நிலா இருக்கும் இரவுகளை ஹெச்-ஆல்ஃபாவுக்குக் கொடுங்கள். ஓ-3 நிலவொளியில் நாசமாகும். டிதரிங் (சப்புக்கு சப் சட்டகத்தைச் சில பிக்சல் நகர்த்துவது) தாராளமாக வையுங்கள். பிளாட்டை ஒவ்வொரு இரவும் எடுங்கள். ஒரு சதவீதக் கணக்கு நினைவிருக்கட்டும்.

இரைச்சல் நீக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. தெரிந்த பொருளை அழகாக்க அவை நன்று. ஆனால் இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டிய இடத்தில் அவற்றை அணுக விடக்கூடாது. இரைச்சலுக்குள் இழையைக் காணப் பழக்கப்பட்ட கருவி, இழை இல்லாத இடத்திலும் இழையை வரையும். சமிக்ஞை தனிப் பிக்சலில் இரைச்சலில் பாதிகூட இல்லாத இந்த மாதிரிப் பொருளில் அபாயம் இன்னும் அதிகம். சப்களை அடுக்கிச் சேர்த்த மாஸ்டர் படத்தை நான்குக்கு நான்கு ‘பின்’ செய்து (பதினாறு பிக்சலை ஒன்றாக்கி), நேரான ஸ்ட்ரெச் (பொலிவு நீட்டல்) மட்டும் போட்டுப் பாருங்கள். அதில் தெரியாதது உங்களிடம் இல்லை. சப்களை இரண்டு பாதியாகப் பிரித்துத் தனித்தனியே அடுக்குங்கள். இரண்டிலும் அதே வளைவு வர வேண்டும். படத்தை வெளியிடும்போது அந்தக் கச்சா மாஸ்டரையும் கூடவே போடுங்கள்.

படத்தின் கீழே குறிப்பு எழுதும்போது 65,000 ஒளியாண்டு வேண்டாம். ஈஜி ஆண்ட்ரோமெடா இருக்கும் இடத்தை ஓர் அம்புக்குறியால் காட்டுங்கள்.